வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சணம்: வீட்டுக்காரர் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் வீடு வாடகைக்குக் கொடுப்பவர்கள் விடும் முதற்பிழை, மாரியில் பெயின்ற் அடிப்பது. கார்த்திகை, மார்கழியில் சுவர் கறுக்கும். குடியிருப்பவர் கோல் எடுத்துச் சொல்வார். நாமும் நல்ல மனதோடு ஆளனுப்பிப் பூசுவிப்போம். ஈரச் சுவரில் பூசிய பெயின்ற் தண்ணீரை உள்ளே அடைத்துவிடும். தைப்பொங்கலுக்குள் கொப்பளித்து உரியும். கல்லடியில் எங்கள் மேல்மாடி வீட்டில் இரண்டு வருடம் இதைத்தான் செய்தேன். மூன்றாம் மாரியில், அங்கே இருந்தவர்களின் சின்ன மகளுக்கு இரவில் முட்டு வரத் தொடங்கியது. கட்டிலை இழுத்துப் பார்த்தோம். நான் பூசிய வெள்ளை உரிந்து, பின்சுவர் முழுக்கக் கறுப்பு. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் மூச்சு வருத்தங்கள் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. அதை நான் வாசித்தது அதற்குப் பிறகுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மாரியில் பார்க்க வேண்டும். கச்சான் காற்று சுவரைக் காயவைக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் திருத்த வேண்டும். நாங்கள் மாறிச் செய்கிறோம். கச்சானில் சுவர் காய்ந்து கிடப்பதால் வீடு நன்றாக இருக்கிறதென்று நம்பிவிடுகிறோம்.

எல்லா ஈரத்தையும் ஒன்றாக நினைப்பது அடுத்த பிழை. கூரையோரமாக மேலிருந்து இறங்கும் கறை மழைத்தண்ணீர். எங்கள் வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயை மாவிலை அடைத்திருந்தது; தேங்கிய தண்ணீர் கைப்பிடிச் சுவரடி வெடிப்பால் உள்ளே இறங்கியது. நிலத்திலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை ஏறி, வெள்ளை உப்புப் பூத்து நிற்பது நிலத்தடி ஈரம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் இருக்கும் நம் ஊர்களில் மாரியில் நிலத்தண்ணீர் மேலே வந்துவிடும். வெள்ளத்துக்குப் பயந்து முற்றத்தைக் கிறவல் போட்டு உயர்த்தி, இன்டர்லொக் கல் பதிக்கிறோமே, அதில் ஒரு கேடு இருக்கிறது: அத்திவாரத்தின் மேல் ஈரத்தைத் தடுக்க வைத்த படை முற்றத்துக்குக் கீழே போய்விட்டால், ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் புகும். காரைதீவு, கல்முனைப் பக்கத்திலும் இப்படி உயர்த்திய முற்றங்களைப் பார்க்கிறேன். உப்புப் பூத்த பூச்சைக் கறைக்கு மேலே ஓர் அடி வரை கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, உப்பில்லாத ஆற்று மணலில் திரும்பப் பூசுவதுதான் வழி. உப்பு உள்ளே இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும்.

மூன்றாவது வகை, அறைக்குள்ளேயே உண்டாகும் ஈரம். எந்த ஈரம் என்று மேசனுக்கே சில வேளை சந்தேகம் வரும். அப்போது ஒரு முழப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப்பால் சுவரில் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றில் இருக்கிறது.

காற்றில் இருப்பதற்கு நாமே பொறுப்பு ஆவதும் உண்டு. டெங்கு நுளம்புக்காகவும் ஏசிக்காகவும் காற்றுத் துளைகளைச் சீமெந்தால் அடைத்துவிடுகிறோம். நுளம்பு வலை அடித்தால் போதும். குளியலறைக்கு வெளியே காற்றை இழுக்கும் விசிறி பூட்டிக் கொடுப்பது வீட்டுக்காரரின் வேலை. அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பதும், மழை நாளில் ஈர உடுப்பை அறைக்குள் காயப்போடாமல் விடுவதும் குடியிருப்பவரின் பங்கு. ஆனால் ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவரிடம் "யன்னலைத் திறந்து வையுங்கோ" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

கறுப்பைக் காய்ந்தபடி தூரிகையால் தேய்க்க வேண்டாம், வித்துகள் வீடெங்கும் பறக்கும். முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டின் உரோமன் டச்சுச் சட்டப்படி, குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பது அதைக் கொடுத்தவரின் கடமை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும். கூரை, பீலி, குழாய் திருத்தம் யார் பொறுப்பு என்பதை அதிலேயே எழுதுவியுங்கள். குடியிருப்பவரும் பழுதைப் படமெடுத்துத் திகதியோடு அனுப்பினால் பிறகு பேச்சு மாறாது.

அடுத்த ஆனியில் நாங்கள் அந்த அறைப் பூச்சைக் கொத்தி, குழாயைத் துப்புரவாக்கி, வெடிப்பை அடைத்தோம். வேலை நடந்த இரண்டு மாதமும் குடியிருந்தவர்கள் ஒற்றை அறையில் ஒதுங்கிப் படுத்தார்கள். அந்த மாதங்களுக்கு நான் பாதி வாடகைதான் வாங்கினேன்.