விண்கல மாடலுக்குள் விளக்கு பொருத்துவது: முதல் முறை செய்பவர்களுக்கான செய்முறை

விண்கல மாடல் கிட்டில் விளக்கு பொருத்த ஆசைப்படுபவர்கள் முதலில் தேடுவது எல்இடியையும் சர்க்யூட்டையும்தான். ஆனால் செய்து முடித்த கலம் பொம்மை மாதிரித் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் சர்க்யூட் இல்லை, ஓட்டின் (கலத்தின் வெளிக்கூட்டின்) வழியே ஊறி வரும் வெளிச்சம். கிட்டில் வரும் பாலிஸ்டைரீன் ப்ளாஸ்டிக் மெல்லியது. உள்ளே ஒரு வெள்ளை எல்இடியை ஏற்றினால் கலம் முழுவதும் காகிதக் கூண்டு விளக்கு போல ஒளிரும். ஜன்னல் எது, சுவர் எது என்றே தெரியாது. அதனால் இங்கே மின்சாரத்துக்கு இணையாகக் கறுப்பு பெயின்ட்டைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு 30 செ.மீ. நீளத்தில், மேல் ஓடு கீழ் ஓடு என இரண்டு பாதியாக வரும், இரட்டை எஞ்சின் கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

வாங்க வேண்டியவை

ஜன்னல்களுக்கு 3 மி.மீ. வார்ம் ஒயிட் எல்இடி 3, எஞ்சினுக்கு நீலம் 2, பக்கவாட்டு விளக்குகளுக்குச் சிறிய சிவப்பு 1, பச்சை 1, மினுக்கு விளக்குக்கு வெள்ளை 1. ஆக மொத்தம் 8 எல்இடி. ரெசிஸ்டரில் (மின்தடை) 220 ஓம் 6, 680 ஓம் 1, 1 கிலோ ஓம் 1. மினுக்குவதற்கு 555 டைமர் ஐசி ஒன்று, அதற்கு 100 கிலோ ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் (மின்தேக்கி) ஒன்று. ஜன்னல்களுக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோக 0.25 மி.மீ. ஒளியிழை சில மீட்டர், 0.2 மி.மீ. எனாமல் பூசிய செம்புக் கம்பி, 0.3 மி.மீ. துளைமுனைகள் ஐந்தாறு (கண்டிப்பாக உடையும்), அவற்றைப் பிடிக்கக் கைத்துளைப்பான், கலத்தைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு உள்விட்டம் 4 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய். மின்சாரத்துக்கு 5 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர்.

9 வோல்ட் பேட்டரி கைக்கு அடக்கமாகத் தெரிந்தாலும் வேண்டாம். அதன் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணிதான், சீக்கிரம் தீர்ந்துவிடும். பவர் பேங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கலம் இழுப்பது 60 மில்லி ஆம்பியருக்கு உள்ளேதான். அவ்வளவு குறைவாக இழுத்தால் ஒன்றும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

ரெசிஸ்டர் கணக்கு

மின்வழங்கியின் வோல்ட்டில் எல்இடியின் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய ஆம்பியரால் வகுக்க வேண்டும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய 3 வோல்ட், சிவப்புக்கு 2 வோல்ட். 10 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் (5 − 3) ÷ 0.01 = 200 ஓம். கடையில் கிடைப்பதில் அதற்கு அடுத்த பெரிய மதிப்பு 220 ஓம். பொதுவாக எல்இடியின் உச்ச அளவு 20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். மாடலுக்குள் அதில் பாதியே தாராளம். சிவப்புக்கு 680 ஓம், பச்சைக்கு 1 கிலோ ஓம். பச்சை நிறம் நம் கண்ணுக்குத் தூக்கலாகத் தெரியும் என்பதால் அதைக் கூடுதலாக அடக்க வேண்டும்.

ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். மூன்றைப் பக்க இணைப்பில் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் கொடுத்தால், எந்த எல்இடிக்குக் குறைந்த வோல்ட் போதுமோ அது மின்னோட்டத்தில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் மங்கும்.

ரெசிஸ்டர்களையும் 555 ஐசியையும் கலத்துக்குள் வைக்காமல் ஸ்டாண்டின் அடிப்பெட்டியில் வைப்பதே நல்லது. எல்லா எல்இடிகளின் பாசிட்டிவ் காலும் ஒரே கம்பியில் சேரும், நெகட்டிவ் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. மொத்தம் 9 கம்பிகள் பித்தளைக் குழாய் வழியே சுலபமாக இறங்கும். ஓட்டை ஒட்டி மூடிய பிறகும் எந்த விளக்கின் பிரகாசத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் கம்பி வேலையைச் செய்யலாம்.

உள்பக்கம் பெயின்ட்

இரண்டு ஓடுகளின் உள்பக்கத்திலும் கறுப்பு இரண்டு கோட், காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை ஒரு கோட். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை அதை உள்ளுக்குள்ளேயே சிதறடித்துப் பரப்பும். ஒட்ட வேண்டிய விளிம்புகளை மட்டும் டேப்பால் மறைத்துவிடுங்கள். பெயின்ட் மேல் ப்ளாஸ்டிக் சிமென்ட் பிடிக்காது. கறுப்புக்குப் பதிலாக அலுமினிய டேப்பையும் ஒட்டலாம், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். எனாமல் உரிந்த கம்பி அதில் பட்டால் ஷார்ட் ஆகும்.

பெயின்ட் காய்ந்ததும் ஓடுகளை டேப் போட்டுச் சேர்த்து, உள்ளே ஒரு எல்இடியை எரியவிட்டு, இருட்டறையில் சுற்றிப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் இரண்டு ஓடுகள் சேரும் விளிம்பில்தான் இருக்கும். கீழ் ஓட்டின் உள்விளிம்பில் 5 மி.மீ. அகல ப்ளாஸ்டிக் பட்டையைப் பாதி மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டி, அதற்கும் கறுப்பு அடியுங்கள். மேல் ஓடு அதைத் தழுவி உட்காரும்போது இடைவெளி அடைபட்டுவிடும்.

ஜன்னல்கள்

1/1000 அளவுள்ள மாடலில் 0.25 மி.மீ. இழை நிஜத்தில் 25 செ.மீ. ஜன்னல். அதே இடத்தில் 3 மி.மீ. எல்இடியை நேரே பதித்தால் அது 3 மீட்டர் விளக்கு! கலம் பிரம்மாண்டமாகத் தெரிவதும் கையடக்கமாகத் தெரிவதும் இந்தப் புள்ளிகளின் சிறுமையில்தான் இருக்கிறது.

ஜன்னல் வரிசை நேராக வரத் தடித்த ஒட்டுப்பட்டை ஒன்றை ஓட்டில் ஒட்டி, அதன் ஓரமாக முதலில் ஊசியால் குத்தி அடையாளம் போட்டு, பிறகு 0.3 மி.மீ. துளையிடுங்கள். இடைவெளி சீராக வேண்டாம். இரண்டு சேர்ந்து, ஒன்று விட்டு, மூன்று சேர்ந்து என்று வரட்டும். மூன்றில் ஒரு ஜன்னல் இருட்டாக இருந்தால்தான் உள்ளே ஆள் நடமாட்டம் இருப்பது போலத் தோன்றும்.

இழையை உள்ளிருந்து நுழைத்து, வெளியே 1 செ.மீ. நீட்டி விட்டு, உட்பக்கம் மரவேலைக்கான வெள்ளைப் பசை ஒரு சொட்டு வைத்து ஓர் இரவு காயவிடுங்கள். சூப்பர் க்ளூ கூடாது. அது இழையை நொறுங்க வைக்கும், கண்ணாடி போன்ற பாகங்களில் வெண்புகை படியச் செய்யும். கூர்மையாக மடித்தாலும் இழை முறியும், அல்லது மடிந்த இடத்திலேயே வெளிச்சத்தைக் கசியவிடும். 40 இழைகளைச் சேர்த்தால் 2 மி.மீ. குழாய்க்குள் அடங்கும். கட்டின் முனையைப் புது ப்ளேடால் ஒரே வெட்டாகச் சமமாக வெட்டி, எல்இடியின் குவிந்த தலையை அரத்தால் தட்டையாக்கி, இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்துக் கறுப்பு டேப் சுற்றுங்கள். ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும்) குழாய் இந்த இடத்துக்கு வேண்டாம், அதைச் சூடாக்கும்போது இழை சுருண்டுவிடும்.

எஞ்சின்

எல்இடியை எஞ்சின் வாயில் நேராகப் பார்க்கும்படி வைத்தால் நடுவில் ஒரு கூசும் புள்ளி, சுற்றிலும் இருட்டு. 1 மி.மீ. தெளிவான அக்ரிலிக்கை வட்டமாக வெட்டி, இருபக்கமும் 400 நம்பர் உப்புத்தாளால் பால் நிறம் வரும்வரை தேய்த்து எஞ்சின் வாயில் பொருத்துங்கள். எல்இடி அதற்கு 10 முதல் 15 மி.மீ. பின்னால் இருக்க வேண்டும். அந்த அளவு இடம் இல்லையென்றால் எல்இடியைத் திருப்பி, வெள்ளையடித்த பின்சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சீராகப் பரவும்.

பக்கவாட்டு விளக்குகளும் மினுக்கும்

விமானத்திலும் கப்பலிலும் உள்ளபடியே இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கலத்துக்குள் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவரின் இடம், வலம் அது. மூக்கை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது இது மாறிப்போவது வழக்கம்.

555 இணைப்பு இப்படி: 8ஆம், 4ஆம் கால்கள் பாசிட்டிவில், 1ஆம் கால் நெகட்டிவில். 8க்கும் 7க்கும் நடுவே 100 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் நடுவே 10 கிலோ ஓம். 2ஐயும் 6ஐயும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து கப்பாசிட்டர் வழியாக நெகட்டிவுக்கு. கப்பாசிட்டரின் கோடு போட்ட கால் நெகட்டிவ் பக்கம். வெள்ளை எல்இடியின் நீளக் கால் பாசிட்டிவில், குட்டைக் கால் 220 ஓம் வழியாக 3ஆம் காலில். இப்படி இணைத்தால் ஏறக்குறைய 0.8 விநாடிக்கு ஒருமுறை 0.07 விநாடி மட்டும் வெட்டி அணையும். எல்இடியை 3ஆம் காலுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே போட்டுவிட்டால் தலைகீழாகிவிடும்: எரிந்துகொண்டே இருந்து நொடிக்கு ஒருமுறை இமைக்கும்.

சால்டரிங்கும் மூடுவதும்

எனாமல் கம்பியின் முனையை உப்புத்தாளால் தேய்த்துச் செம்பு தெரிந்த பிறகே சால்டர் செய்யுங்கள். "எரியவில்லை" என்ற புகாரில் பாதி இந்த உரிக்காத எனாமல்தான். சால்டரிங் முழுவதையும் ஓட்டுக்கு வெளியே முடித்துவிட்டு எல்இடியை உள்ளே கொண்டுபோங்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரி அளவிலேயே இளகும், சால்டரிங் அயர்ன் 300 டிகிரிக்கு மேல். ஒரு தொடுதலில் ஓட்டில் குழி விழும்.

எல்லாம் இணைத்த பின் ஓட்டை மூடாமல் நான்கு மணி நேரம் எரியவிடுங்கள். கம்பிகளை மெல்ல அசைத்துப் பாருங்கள். எது விட்டு விட்டு எரிகிறதோ அந்த இணைப்பை மறுபடி சால்டர் செய்யுங்கள். அதன் பிறகே பசை.

வெளிப் பெயின்ட், டீகால் (ஒட்டுப்படம்), மேட் வார்னிஷ் எல்லாம் முடியும்வரை நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைத் தொட வேண்டாம். கலம் முள்ளம்பன்றி போல இருக்கும், இருக்கட்டும். கடைசியில் புது ப்ளேடை ஓட்டின் மேல் படுக்கவைத்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வெட்டிய முனையில் பெயின்ட் இருக்காது, வெளிச்சம் தடையில்லாமல் வரும். கட்டிங் ப்ளையர் முனையை நசுக்கிவிடும்.

பிறகு அறை விளக்கை அணைத்து ஒரு நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பாருங்கள். பச்சை இன்னும் துருத்திக்கொண்டு தெரிந்தால் அடிப்பெட்டியைத் திறந்து 1 கிலோ ஓமுக்குப் பதில் 2.2 கிலோ ஓம் போடுங்கள். ஜன்னல்கள் எஞ்சினோடு போட்டி போட்டால் அவற்றின் 220 ஓமை 470 ஆக்குங்கள்.