இத்தாலிய அன்புத் தொடர்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இத்தாலிய நண்பர் அனுப்பிய குறுஞ்செய்தியை ஆங்கிலத்தில் பெயர்க்க முற்படும் பலர், அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் எழுதத் தொடங்குகிறார்கள். அன்பைச் சொல்லும் தொடர்களில் இம்முறை பயன் தருவதில்லை. தமிழ் அறிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இத்தாலியத்தின் சில அமைப்புகள் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமானவை என்பதால், தொடரை முதலில் தமிழில் உணர்ந்துகொண்டு அதன்பின் ஆங்கிலத்திற்குச் செல்வதே அவ்வழி.

படி 1: யார், யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள்

‘தூ’ என்றால் நீ. ‘லேய்’ என்றால் மரியாதைக்குரிய நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ‘யூ’ என்றே ஆகிவிடுவதால், அந்த மரியாதையைச் சொற்றேர்வின் வழியாகத்தான் காட்ட முடியும்.

உறவு என்னவென்று தெரியாமல் தொடவே கூடாத இணை, ‘தி ஆமோ’, ‘தி வோல்யோ பேனே’ என்னும் இரண்டு தொடர்கள். முன்னது பெரும்பாலும் காதலர்களுக்கும் கணவன் மனைவியருக்கும் உரியது. பின்னது தாய், பிள்ளை, உடன்பிறந்தவர், நண்பர் ஆகிய அனைவருக்கும் பொருந்துவது. ‘உனக்கு நன்மையை விரும்புகிறேன்’ என்பது அதன் சொற்பொருள். இளையோர் அதை டிவிபி என்று மூன்றெழுத்தாகச் சுருக்கியும் எழுதுவார்கள். இத்தொடரில் ‘பேனே’ விடுபட்டால் எஞ்சுவது ‘தி வோல்யோ’, அதாவது உடல் வேட்கையைக் குறிக்கும் ‘நீ எனக்கு வேண்டும்’ என்ற பொருள் என்பதால், மூலத்தை ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஐ லவ் யூ’ என்ற ஒரே தொடர்தான் கிடைக்கிறது. தாய் மகளுக்கு எழுதினால் அது முற்றிலும் சரி. நண்பர்களுக்கிடையே அது கனமாக ஒலிக்கக்கூடும். அங்கே ‘ஐ’ நீக்கிய ‘லவ் யூ’ போதும், சற்று ஆழமாகச் சொல்ல வேண்டுமெனில் ‘யூ மீன் எ லாட் டு மீ’ என்று எழுதலாம்.

படி 2: எழுவாயைக் கண்டுபிடியுங்கள்

தமிழில் ‘வருகிறேன்’ என்றாலே பேசுபவர் யாரென்று விளங்குவதுபோல, இத்தாலியத்திலும் வினைமுற்றின் ஈறே எழுவாயைக் காட்டிவிடும். ‘மி மான்க்கி’ என்னும் தொடரில் ‘மி’ என்பது ‘எனக்கு’, ‘மான்க்கி’ என்பது முன்னிலை ஒருமை வினை. எனவே ‘நீ எனக்கு இல்லாத குறையாக இருக்கிறாய்’ என்பதே அதன் அமைப்பு. ஆங்கிலத்தில் எழுவாய் இடம் மாறி ‘ஐ மிஸ் யூ’ என்றாகும். ‘தி மான்கோ?’ என்று ஒருவர் கேட்டால், ‘டூ யூ மிஸ் மீ?’ என்று எழுத வேண்டும். ‘மி பியாச்சே இல் கஃபே’ என்பதும் இவ்வகையே. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்னும் தமிழ்த் தொடரின் ‘எனக்கு’ அதில் அப்படியே இருப்பதால், ஆங்கிலம் வழியாக இத்தாலியம் கற்பவர்கள் திணறும் இந்த இடம் நமக்கு எளிதாகிறது.

படி 3: விளிச்சொற்களை உறவுக்கேற்ப மாற்றுங்கள்

‘ஆமோரே மியோ’ (என் அன்பே), ‘தெசோரோ’ (செல்வமே) ஆகியவை இலக்கணப்படி ஆண்பால் பெயர்கள் என்றாலும் பெண்ணை அழைக்கும்போதும் மாறுவதில்லை. அவற்றைக் கொண்டு கேட்பவர் ஆணென்று முடிவு செய்துவிடாதீர்கள். குழந்தையை அழைத்தால் ‘ஸ்வீட்ஹார்ட்’, துணையை அழைத்தால் ‘டார்லிங்’ அல்லது ‘மை லவ்’ பொருத்தமாக இருக்கும். ‘ட்ரெஷர்’ என்ற நேர்ச்சொல் பெரும்பாலும் செயற்கையாகவே ஒலிக்கிறது.

படி 4: வழக்குத் தொடர்களுக்குச் சூழலைப் பெயருங்கள்

தேர்வுக்குச் செல்பவரிடம் ‘இன் போக்கா அல் லூப்போ’, அதாவது ‘ஓநாயின் வாயில்’ என்பார்கள். அவர் ‘க்ரேப்பி’, ‘சாகட்டும்’ என்று விடையிறுப்பார். ஆங்கிலத்தில் ‘குட் லக்’, ‘தேங்க்ஸ்’ என்று எழுதினால் போதும். வேலைக்குக் கிளம்புபவரை வாழ்த்தும் ‘புவோன் லவோரோ’ என்பதற்கு நிலைபெற்ற ஆங்கிலத் தொடர் இல்லை. ‘ஹாவ் எ குட் டே அட் வொர்க்’ நெருங்கி வரும். ‘ப்ரேகோ’ என்பது நன்றிக்கு விடையாக வந்தால் ‘யூ ஆர் வெல்கம்’, கதவருகே வழிவிடும்போது வந்தால் ‘ஆஃப்டர் யூ’.

படி 5: முழுச் செய்தியையும் சேர்த்துப் பாருங்கள்

ஒரு தாய் வெளியூரில் படிக்கும் மகளுக்கு இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: ‘ஆமோரே மியோ, மி மான்க்கி தாந்தோ. ஃபாத்தி செந்தீரே குவாண்டோ புவோய். தி வோல்யோ பேனே. உன் பச்சோனே, மம்மா.’

‘ஃபாத்தி செந்தீரே’ என்பதன் நேர்ப்பொருள் ‘உன் குரலைக் கேட்கச் செய்’. ‘உன்’ என்பது இங்கே ‘ஒரு’ என்னும் பொருளுள்ள இத்தாலியச் சொல். ‘பச்சோனே’ என்பது முத்தத்தைக் குறிக்கும் சொல்லோடு ‘பெரிய’ என்னும் பொருளைத் தரும் ஈறு சேர்ந்து உருவானது. ஆங்கில வடிவம் இப்படி அமையலாம்: ‘ஸ்வீட்ஹார்ட், ஐ மிஸ் யூ சோ மச். கால் மீ வென் யூ கேன். ஐ லவ் யூ. எ பிக் கிஸ், மம்.’ ஆங்கிலக் கடிதங்களுக்கு இயல்பான முடிவு ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்றாலும், முந்தைய வரியிலேயே ‘லவ்’ வந்துவிட்டதால் இங்கே முத்தத்தை அப்படியே வைப்பது நல்லது.

இதே வேண்டுகோளை ‘லேய்’ வழக்கில் ஒரு பேராசிரியர் எழுதினால், அது ‘சி ஃபாச்சா செந்தீரே’ என்று மாறும். அப்போது ‘கால் மீ’ பொருந்தாது. ‘ப்ளீஸ் டூ கீப் இன் டச்’ என்று எழுதுங்கள்.