ரேடியேட்டர் மேல் ஹோஸ் மாற்றுவது எப்படி: ஹோஸைவிடக் காற்றை வெளியேற்றுவதுதான் பெரிய வேலை

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருப்போம், காருக்குள் வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு இனிப்பு வாசனை. அடுத்த வளைவுக்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் மேல் ஹோஸில் (எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் ரப்பர் குழாய்), அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளையத்துக்குப் பக்கத்திலேயே, நகம் அளவு ஒரு வெடிப்பு. வெடிப்பு நுனியில் இருந்ததால், வண்டி நன்றாக ஆறியதும் அந்த இரண்டு சென்டிமீட்டரைப் பிளேடால் அறுத்துப் போட்டுவிட்டு மீதியை மாட்டி, குடிதண்ணீர் ஊற்றி மெதுவாக இறங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து புது ஹோஸ் மாற்றியதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே அத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். ஹோஸைக் கையால் பிடித்தால் சூடே தெரியக் கூடாது, அதுவரை காத்திருங்கள். பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள், சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் சுற்றும்.

கீழே பழைய பேசின் வைத்து இரண்டு லிட்டர் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) இறக்கினால் மேல் ஹோஸுக்குப் போதும். அதைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் குடித்தாலே உயிர் போய்விடும்.

பழைய ஹோஸ், அது மாட்டியிருக்கும் குழாய் நுனியோடு, அதாவது கழுத்தோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பவே நெம்பாதீர்கள். ரேடியேட்டரின் கழுத்து பிளாஸ்டிக், அது விரிசல் விட்டால் சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரம் ஆகிவிடும். ஹோஸை எப்படியும் தூக்கித்தான் போடப்போகிறோம், அதனால் நீளவாக்கில் பிளேடால் மேலோட்டமாகக் கீறி விடுங்கள், வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்துவிடும். கழுத்தில் படிந்திருக்கும் வெள்ளை உப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். புது ஹோஸ் நுழைய மறுத்தால் இரண்டு சொட்டுக் கூலண்ட் தடவுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும்.

கிளாம்ப்பில் என் ஓட்டு ஸ்பிரிங் கிளாம்ப்புக்குத்தான். ஹோஸ் சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும், ஸ்பிரிங் கூடவே போய்வரும். திருகு வகையை எல்லோரும் பயத்தில் கூடுதலாக முறுக்கிவிடுகிறோம், அது ரப்பருக்குள் இறங்கி அறுக்கிறது. என்னுடையது வெடித்த இடமும் சரியாக அந்தத் தழும்பில்தான். கழுத்து நுனியில் ஒரு மேடு இருக்கும், கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும்.

அப்புறம் கூலண்ட். கலந்தே வருவதை வாங்கினால் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுங்கள். கெட்டிக் கூலண்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கீசருக்குள் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். நிறத்தைப் பார்த்து வாங்காமல் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்குங்கள்.

இனிமேல்தான் நான் மாட்டிக்கொண்ட இடம். விளிம்புவரை ஊற்றி, மூடியை மூடி, கிளம்பிவிட்டேன். மூன்று கிலோமீட்டரில் முள் மறுபடி ஏறியது. எஞ்சின் கொதிக்கிறது, மேல் ஹோஸோ ஜில்லென்று இருக்கிறது! தெர்மோஸ்டாட் என்பது சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அதைச் சுற்றிக் காற்று தங்கிவிட்டால் சுடுதண்ணீர் அதைத் தொடாது, தொடாவிட்டால் அது திறக்காது. காற்றை முதலில் வெளியேற்றியே ஆக வேண்டும்.

முன்சக்கரம் மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். பேட்டரியை மாட்டுங்கள். ஹீட்டர் திருகை முழுச் சிவப்புக்குத் திருப்புங்கள். நம்ம ஊர் வெயிலில் அதை யாரும் தொடுவதே இல்லை, நானும் தொடவில்லை, ஆனால் பல வண்டிகளில் அதைத் திறந்தால்தான் ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியே வரும். மூடியைத் திறந்தே வைத்து மெதுவாக ஊற்றி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, துணி சுற்றிய கையால் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழ் குமிழாக வரும். முகத்தை ரேடியேட்டரின் வாய்க்கு நேராக வைக்காதீர்கள். 80 டிகிரி தாண்டித் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், உடனே ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடியை மூடி, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை பொறுங்கள். எனக்கு இருபது நிமிடம் ஆனது.

பின்சேர்க்கை: ரேடியேட்டரில் மூடியே இல்லையே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த வண்டிகளில் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டப்பா வழியாகத்தான் ஊற்ற வேண்டும். சிலவற்றில் காற்றை வெளியேற்றுவதற்கென்றே மேலே சின்னத் திருகு ஒன்றும் இருக்கும். மறுநாள் மட்டம் குறைந்துவிட்டதாக இன்னொருவர் எழுதியிருந்தார். டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டு தினமும் காலையில், வண்டி எடுக்கும் முன், பாருங்கள். எனக்கு முதல் நாள் அரை டம்ளர் குறைந்தது, மூன்றாம் நாளிலிருந்து கோட்டிலேயே நிற்கிறது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் தினமும் குறைந்துகொண்டே போனால், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைத்து ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) பார்க்கச் சொல்லுங்கள்.