கெட்டி ஷேவிங் சோப் நுரைக்கவில்லையா? சோப்பைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்

கெட்டியான ஷேவிங் சோப் வாங்கி, நாலைந்து முறை போட்டுப் பார்த்து, நுரையே வரவில்லை என்று ஓரங்கட்டிவிட்டு டியூப் கிரீமுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அந்த சோப்பில் எந்தக் குறையும் இருக்காது. பிரஷ்ஷில் ஏற வேண்டிய அளவு சோப் ஏறியிருக்காது, அவ்வளவுதான். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில் கோட்டை விட்டால் நுரை நிற்காது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

கிரீமில் ஏற்கெனவே நிறையத் தண்ணீர் இருக்கிறது, பிரஷ் பட்டதும் கரைந்துவிடும். கெட்டி சோப் அப்படியில்லை. நல்ல ஷேவிங் சோப்புக்கு அடிப்படை ஸ்டியரிக் அமிலம். அதோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து சோப்பாக்குகிறார்கள். பொட்டாசியத்தோடு சேர்ந்தது எளிதில் கரையும், சோடியத்தோடு சேர்ந்தது கட்டிக்குக் கெட்டித்தன்மையைக் கொடுக்கும். போதாததற்குச் சில சோப்புகளை உருளைகளுக்கு நடுவே பல முறை விட்டு அரைத்து, அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். டிரிபிள் மில்டு என்று பெட்டியில் போட்டிருப்பது அதைத்தான். மாதக்கணக்கில் தேயாமல் வருவதற்கும், பிரஷ்ஷில் சட்டென்று ஒட்டாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

அதனால் பிரஷ்ஷை சோப்பின் மேல் பத்து விநாடி சுற்றிவிட்டு முகத்துக்குப் போவது இங்கே வேலைக்கு ஆகாது. கெட்டி சோப் என்றால் குறைந்தது முப்பது விநாடி, தண்ணீர் கடினமாக இருந்தால் ஒரு நிமிடம்கூட விடாமல் சுற்றலாம். வாய்விட்டு எண்ணிப் பாருங்கள், முப்பது விநாடி என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று இருக்கிறது: சுற்ற ஆரம்பித்த உடனேயே வெள்ளையாக, குமிழ் குமிழாக நுரை கிளம்பி சோப்பின் மேலெல்லாம் பரவும், பார்க்க நிறைய இருக்கிற மாதிரி தெரியும், ஆஹா வந்துவிட்டது என்று நிறுத்திவிடுவோம். அது வெறும் காற்றும் தண்ணீரும். முகத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். நிறுத்தாமல் தொடர்ந்து சுற்றினால் குமிழ்கள் சிறிதாகி, மறைந்து, பிரஷ் நுனியில் பசை மாதிரி அடர்த்தியாக ஒட்ட ஆரம்பிக்கும், சுற்றும்போது கையில் லேசான இழுவை தெரியும். அதுதான் நிறுத்த வேண்டிய இடம். சோப் கொஞ்சம் அதிகமாக ஏறிவிட்டால் நஷ்டமில்லை, தண்ணீர் சேர்த்துச் சரிக்கட்டலாம். குறைவாக ஏறினால் அப்புறம் எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் இல்லாத சோப் எங்கிருந்து வரும்?

அடுத்த தவறு, தண்ணீர் சொட்டச் சொட்ட பிரஷ்ஷை சோப்பில் வைப்பது. தண்ணீர் அதிகமானால் பிரஷ் சோப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், எடுக்காது. நனைத்த பிரஷ்ஷை லேசாகப் பிழிந்து, இரண்டு மூன்று முறை உதறிவிட்டு ஆரம்பியுங்கள். ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. ரொம்பக் கெட்டியான சோப்பாக இருந்தால், குளிக்கப் போகும் முன் அதன் மேல் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுப் போகலாம். வந்து பார்த்தால் மேல்பரப்பு கொஞ்சம் இளகியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் முகத்தில் தடவிக்கொள்ளுங்கள். இப்படி ஊற வைத்தால் சோப் சீக்கிரம் ஏறும், ஆனாலும் சுற்றித்தான் ஆக வேண்டும்.

இங்கே தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன் இல்லையா, சோப் ஏறிய பிறகு கதை அப்படியே தலைகீழ். இப்போது பிரஷ்ஷில் இருப்பது நுரையல்ல, பசை. அதை நுரையாக்குவது தண்ணீர்தான், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து, முகத்திலோ கிண்ணத்திலோ பத்துப் பதினைந்து விநாடி சுற்றுங்கள்; மறுபடி தொட்டு, மறுபடி சுற்றுங்கள். நாலைந்து தடவை தொட வேண்டியிருக்கலாம். பலர் இரண்டாவது தடவையிலேயே நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அப்போதே நுரை கெட்டியாக, கூம்பு கூம்பாக நிற்கும், படம் எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் அந்த நுரையில் ரேசர் வழுக்காது, முடியும் நன்றாக நனையாது, மூன்று நிமிடத்தில் ஓரங்கள் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். உயரமாக நிற்பதைப் பார்த்து நுரையின் தரத்தை முடிவு செய்யாதீர்கள். மேலே ஒரு பளபளப்பு இருக்கிறதா, கண்ணுக்குத் தெரிகிற குமிழ் இல்லாமல் இருக்கிறதா, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுக்குகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். மங்கலாக, இழுவையாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. வழிந்து ஓடினால், பெரிய குமிழ்கள் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அப்போது திரும்பவும் சோப்பில் பத்து விநாடி சுற்றிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும்.

டப்பாவை அழுத்தினால் வருகிற நுரையை மனதில் வைத்துக்கொண்டு இதை ஒப்பிடவும் வேண்டாம். அது உள்ளே அடைத்த வாயுவால் உப்புகிற நுரை. சோப் நுரை அந்த அளவு உப்பாது, மெல்லிய படலமாக இருந்தாலே போதும், வேலை செய்யும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். அவை சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பொருளாக மாறிவிடும், வாளி ஓரத்திலும் குழாயடியிலும் படிகிற அந்த வெளுத்த அழுக்கு அதுதான். அதாவது நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த சோப்பில் ஒரு பங்கு நுரைக்குப் போகாமல் அழுக்காகப் போய்விடுகிறது. லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல், கால்சியம் கார்பனேட் கணக்கில், இருந்தால் கடின நீர் என்றும், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினமானது என்றும் பொதுவாகச் சொல்வார்கள். அளந்து பார்க்க வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை, எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கோப்பை டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, பிரஷ்ஷை நனைப்பது முதல் நுரை கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அதை மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். அதே சோப், அதே பிரஷ், அதே கை. நுரை மட்டும் மாறினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு ஷேவுக்கு அரைக் கோப்பைகூடத் தேவைப்படாது என்பதால் தொடர்ந்து அப்படியே செய்வதும் சாத்தியம்தான். கொதிக்க வைத்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். பைகார்பனேட்டால் வருகிற கடினத்தன்மை போகும், சல்பேட், குளோரைடால் வருவது போகாது. சிலர் சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போடுவார்கள், அது உதவும், ஆனால் அளவு கூடினால் அமிலம் சோப்பையே முறித்துவிடும், நுரை சுத்தமாக அடங்கிவிடும். எதுவும் செய்ய முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: இன்னும் இருபது விநாடி கூடுதலாகச் சுற்றுங்கள். அழுக்காகப் போகிற பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதான் கணக்கு.

குளிக்கிற சோப்பை வைத்து நுரை கட்டப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் சோடியம் உப்புகளால் ஆனது, பெரிய குமிழாகச் சீக்கிரம் நுரைக்கும், அதைவிடச் சீக்கிரம் உடையும்.

பிரஷ் விஷயத்திலும் சில சிக்கல்கள் உண்டு. பன்றி முடி பிரஷ்ஷை சில நிமிடம் தண்ணீரில் ஊற வைக்காமல் எடுத்தால், நுரைக்குச் சேர வேண்டிய தண்ணீரை அதுவே குடித்துவிடும்; பாதி ஷேவில் நுரை வற்றிப் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். புதிதாக இருக்கும்போது இன்னும் மோசம், பழகப் பழகத்தான் நுனி பிளந்து மென்மையாகும், அதற்குள் பிரஷ் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செயற்கை இழை பிரஷ்ஷை ஊற வைக்கத் தேவையில்லை, நனைத்தால் போதும். ரொம்ப மெத்தென்ற பிரஷ் முகத்துக்கு சுகமாக இருக்கும், ஆனால் கெட்டி சோப்பின் மேல் மடங்கிக்கொண்டு எதையும் எடுக்காது. கொஞ்சம் விறைப்பு வேண்டும். அதற்காக அடி வரை நசுங்கும்படி அழுத்தக் கூடாது, நடுவில் முடி உடைந்து கொட்ட ஆரம்பிக்கும். நுனிப் பக்கம் மட்டும் வேலை செய்யட்டும். முகத்தில் வட்டமாகச் சுற்றி நுரை கட்டிய பிறகு, சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது போல மேலும் கீழுமாக இழுத்துச் சமன் செய்துவிடுங்கள்.

கொதிக்கக் கொதிக்க இருக்கிற தண்ணீர் வேண்டாம், பிரஷ்ஷுக்கும் நல்லதில்லை, தோலுக்கும் நல்லதில்லை. வெதுவெதுப்பே போதும். முகம் காய்ந்திருக்கும்போது நுரை போடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள், பிரஷ்ஷை அடி வரை அலசி உதறி வைத்துவிடுங்கள். கடின நீர் உள்ள இடமென்றால் அவ்வப்போது வினிகர் கலந்த தண்ணீரில் சில நிமிடம் வைத்து அலசினால் உள்ளே படிந்த அழுக்கு போகும்.

சோப் கட்டி சின்னதாக, டப்பாவுக்குள் உருண்டுகொண்டே இருந்தால் சுற்றுவதே எரிச்சலாகிவிடும், அந்த எரிச்சலில்தான் பாதியில் நிறுத்துவோம். துருவி, சில சொட்டுத் தண்ணீர் தெளித்து, சரியான அளவுள்ள கிண்ணத்தில் அழுத்தி வைத்துவிட்டால் அது அசையாது.

எவ்வளவு நேரம் சுற்றுவது என்பதற்கு சோப்புக்கு சோப், தண்ணீருக்குத் தண்ணீர் வித்தியாசம் இருக்கும், அதை உங்கள் பிரஷ்ஷே சொல்லிவிடும். ஷேவ் முடிந்ததும் அலசும் முன் பிரஷ்ஷை அடியிலிருந்து பிழிந்து பாருங்கள். இன்னொரு முறை முகம் முழுக்கப் பூசும் அளவுக்கு நுரை வந்தால் சரியாக எடுத்திருக்கிறீர்கள். தண்ணீர் மட்டும் வந்தால் நாளைக்குப் பத்து விநாடி கூட்டிக்கொள்ளுங்கள், மறுநாளும் அப்படியே இருந்தால் இன்னொரு பத்து.