பற்றாக்குறை ஆண்டில் பல்கலைக்கழகப் பணியாளர் மன்றத்தை நடத்துவது எப்படி

பல்கலைக்கழகத்தின் வரவு குறையும்போது பெரும்பாலும் முதலில் நிற்பது காலிப்பணியிடங்களை நிரப்புவது. அடுத்துப் பயணப்படி, பயிற்சி, புதுக் கருவிகள். அப்புறம் ஊதிய உயர்வு. கடைசியில்தான் ஊதியமில்லாக் கட்டாய விடுப்பும் ஆட்குறைப்பும் வரும். ஆசிரியரல்லாத பணியாளர்களின் பிரதிநிதிகள் கூடும் மன்றத்துக்கு இதில் எதையும் தடுத்து நிறுத்தும் அதிகாரம் பொதுவாகக் கிடையாது. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் நிதிப்பிரிவிடம் இல்லாத ஒன்று மன்றத்திடம் உண்டு. எந்த வேலை எந்த மேசையில், யார் கையால், எத்தனை மணி நேரத்தில் நடக்கிறது என்ற விவரம் அது. முடிவு எடுக்கப்படுவதற்கு முன்பே அதை எண்ணாக எழுதி நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் எல்லாம் அதற்காகத்தான்.

எல்லைக்கோடு எங்கே

மன்றத்தின் விதிமுறைகளை எடுத்து மூன்று இடங்களில் கோடு போடுங்கள்: யாருக்கு ஆலோசனை சொல்கிறோம், எந்தப் பொருள்களில் சொல்லலாம், தீர்மானம் போனால் பதில் எத்தனை நாளில் வர வேண்டும். மூன்றாவது பல விதிமுறைகளில் இருக்காது. இல்லையென்றால் நெருக்கடிக்கு முன்பே "30 நாளுக்குள் எழுத்துப்பூர்வ பதில்" என்ற வரியைச் சேர்க்க முயலுங்கள். நெருக்கடியின் நடுவில் கேட்டால் அது மோதலாகப் படும்.

மன்றம் தொழிற்சங்கம் அல்ல. சங்கம் பேரம் பேசி ஒப்பந்தம் போடும் பிரிவினரின் ஊதியத்தைப் பற்றி மன்றம் நிர்வாகத்தோடு பேசினால், நல்லெண்ணத்தோடு பேசினாலும், சங்கத்தின் காலை வாரியதாகிவிடும். இத்தகைய மன்றங்கள் பரவலாக உள்ள அமெரிக்காவில் இது சட்டச் சிக்கலும்கூட. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், முதலாளி ஆதிக்கம் செலுத்தும் தொழிலாளர் அமைப்பைத் தடைசெய்கிறது. அந்தச் சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தாது, தனியார் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தும். ஆகவே சங்கம் இருக்கும் இடத்தில் அதன் பொறுப்பாளரை முதல் மாதமே சந்தித்து, எதை யார் பேசுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பது

"வங்கியில் இவ்வளவு பணம் இருக்கிறதே, ஏன் வெட்டு?" என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே எழும். பதில் தெரியாமல் போகாதீர்கள். பல்கலைக்கழகப் பணம் ஒரே பானையில் இல்லை. கட்டணமும் அரசு மானியமும் சேரும் பொதுநிதி ஒன்று. கொடையாளரோ ஆய்வு நிதி தருவோரோ நோக்கம் குறித்துக் கொடுத்தது இன்னொன்று, அதை வேறு செலவுக்குத் தொட முடியாது. விடுதி, உணவகம், வாகன நிறுத்தம் போன்று தன் வரவில் தானே நடக்க வேண்டிய பிரிவுகளின் கணக்கு மூன்றாவது. கொடைகளை முதலீடு செய்து வைத்திருக்கும் அறக்கட்டளை நிதி பெரிதாகத் தெரியும். ஆனால் முதலைத் தொடாமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் எடுப்பதே வழக்கம், அதிலும் பெரும்பகுதி நோக்கம் குறித்ததுதான்.

நிதி அலுவலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பற்றாக்குறை இந்த ஓராண்டுக்கா, ஆண்டுதோறும் தொடர்வதா என்பது. விடுதி ஒரு பருவம் காலியாகக் கிடந்தால் அது ஓராண்டு ஓட்டை, இருப்பு நிதியைக் கொண்டு அடைக்கலாம். மாணவர் சேர்க்கை தொடர்ந்து சரிந்தால் அது ஆண்டுதோறும் வரும் ஓட்டை. அதற்குக் கட்டாய விடுப்பு மருந்தாகாது, அடுத்த ஆண்டும் அதே தொகை குறையும். இந்த இரண்டையும் கலந்து பேசும் அறிக்கையைக் கண்டால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்து, எந்த நோக்கத்துக்கும் கட்டுப்படாத இருப்பு நிதி எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்றும், வெட்டு எல்லாத் துறைக்கும் ஒரே விகிதமா என்றும் கேளுங்கள். ஒரே விகித வெட்டு நியாயமாகத் தோன்றும். உண்மையில் செலவில் 90 சதவீதம் சம்பளமாக உள்ள அலுவலகத்தில் 5 சதவீத வெட்டு ஆளைத் தொடும். கருவியும் பொருளும் பாதிச் செலவாக உள்ள துறையில் அதே வெட்டு ஒத்திவைக்கப்பட்ட கொள்முதலோடு முடியும்.

நாள்காட்டியையும் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். ஆட்சிக்குழு நிதித்திட்டத்தை ஏற்கும் நாளுக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே துறைகளிடமிருந்து கோரிக்கை போய்விடும். மன்றத்தின் தாள் அதற்கும் முன்னே போக வேண்டும். ஏற்பு நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் அனுப்பும் தீர்மானம் கோப்பில் சேரும், கணக்கில் சேராது.

காலியிடப் பதிவேடு

மன்றம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால் இதைச் செய்யுங்கள். ஆள்சேர்ப்பு நிறுத்தம் சத்தமில்லாத வெட்டு. யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை என்று நிர்வாகம் சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் ஓய்வு பெற்றவர், வேறு வேலை கிடைத்துப் போனவர் என்று இடங்கள் காலியாவது திட்டப்படி நடப்பதில்லை. எந்த மேசை காலியாகிறதோ அங்கே வெட்டு விழுகிறது. மீதிப்பேர் "கூடுதல் பொறுப்பு" என்ற பெயரில் அந்த வேலையைத் தாங்குகிறார்கள்.

பதிவேட்டுக்கு ஒரு விரிதாள் போதும். ஒவ்வொரு காலியிடத்துக்கும் ஒரு வரி. பத்திகள்: பிரிவு, பணியின் பெயர், காலியான நாள், வாரத்துக்கு அந்த வேலை எத்தனை மணி நேரம், இப்போது யார் எத்தனை மணி நேரம் செய்கிறார்கள் (பதவியை மட்டும் எழுதுங்கள், ஆள் பெயர் வேண்டாம்), செய்யாமல் நிற்பது எது, அதனால் காத்திருப்பு எவ்வளவு கூடியது.

ஒரு மாதிரி வரி எப்படி இருக்கும் என்றால்: தேர்வுப் பிரிவு, சான்றிதழ் சரிபார்ப்பு எழுத்தர், காலியாகி 7 மாதம். வேலை வாரத்துக்கு 38 மணி. பக்கத்து மேசை எழுத்தர்கள் இருவர் 11, 8 மணி எடுத்திருக்கிறார்கள். கண்காணிப்பாளர் மாலையில் 5 மணி. மொத்தம் 24. மீதி 14 மணி வேலையைச் செய்ய ஆளில்லை. நிற்பது பழைய மாணவர்களின் சான்றிதழ் சரிபார்ப்பு. முன்பு 4 நாளில் போன பதில் இப்போது 19 நாள் ஆகிறது. இந்த ஒரு வரி "பணியாளர்கள் சோர்ந்திருக்கிறார்கள்" என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட நிதிக்குழுவில் எடுபடும். 19 நாள் என்பது வேலை கிடைத்தும் சேர முடியாமல் காத்திருக்கும் ஒரு முன்னாள் மாணவரின் 19 நாள் என்று அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. மணி நேரத்தைப் பிரிவுத் தலைவரிடம் மட்டும் கேட்டால் குறைவாகச் சொல்வார், தன் பிரிவு சமாளிக்கவில்லை என்று காட்ட விரும்பமாட்டார். வேலையை ஏற்றவரிடம் மட்டும் கேட்டால் கூடுதலாக வரலாம். இருவரிடமும் கேட்டு, வேறுபாடு 5 மணிக்கு மேல் போனால் ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவேடு செத்துவிடும். நிரப்பப்பட்ட ஓர் இடம் அதில் காலியாகக் கிடப்பதை நிதி அலுவலர் கண்டுபிடித்தால் மீதி வரிகளையும் நம்பமாட்டார்.

பதிவேட்டைக் காட்டி "எல்லா இடத்தையும் நிரப்புங்கள்" என்று கேட்காதீர்கள். செய்யாமல் நிற்கும் மணி நேரத்தின்படி வரிசைப்படுத்தி முதல் 5 இடங்களைக் கேளுங்கள். மற்றவற்றுக்கு, எந்த வேலையை நிறுத்திவிடலாம் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுத்தச் சொல்லி உத்தரவு வராத வேலை யார் தலையிலாவது தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

கட்டாய விடுப்பு பேச்சு வந்தால்

கணக்கு எளிது. ஆண்டுக்கு ஏறத்தாழ 260 வேலை நாள். ஒரு நாள் ஊதியமில்லா விடுப்பு ஆண்டு ஊதியத்தில் 0.385 சதவீதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2009 முதல் 2011 வரை அரசுப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 8 நாள் விதித்தார்கள், அதாவது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2009 செப்டம்பரில் தொடங்கிய ஓராண்டுத் திட்டத்தில் ஊதியத்துக்கேற்ப 4 முதல் 10 சதவீதம் வரை, 11 நாள் முதல் 26 நாள் வரை என்று படிப்படியாக வைத்தது.

இப்படி ஊதியத்துக்கேற்ற படிநிலை வெட்டைக் கேட்கும்போது கையில் கணக்கு இருக்கட்டும். மொத்தச் சம்பளச் செலவு 100, அதில் மிச்சப்படுத்த வேண்டியது 5 என்று வையுங்கள். ஊதியத்தில் கீழ்ப்பாதியினர் சேர்ந்து வாங்குவது 30 என்றால், அவர்களை முற்றிலும் விலக்க மேல்பாதியினர் 7.1 சதவீதம் விட்டுக்கொடுக்க வேண்டும். கீழ்ப்பாதி 2 சதவீதம் தந்தால் மேல்பாதிக்கு 6.3. இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்தால் பேச்சு "முடியாது" என்பதிலிருந்து "எது" என்பதற்கு நகரும். உங்கள் பல்கலைக்கழகத்தின் 30 எவ்வளவு என்பதை ஊதியப் பிரிவிடம் தொகையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை: மருத்துவக் காப்பீடு தொடருமா, ஓய்வூதியத்துக்கான பணிக்காலமும் சராசரி ஊதியமும் குறையுமா, வெளி ஆய்வு நிதியில் சம்பளம் வாங்குபவருக்கும் விடுப்பு உண்டா. கடைசிக் கேள்வி முக்கியம். அவருடைய ஊதியத்தை வெட்டுவதால் பொதுநிதியில் ஒரு காசும் மிஞ்சாது. நிதியளிப்பவர் மின்சாரம், அலுவலகம் போன்ற மேற்செலவுக்கென்று பல்கலைக்கழகத்துக்குத் தரும் பங்கும் அந்த அளவுக்குக் குறையலாம். விடுப்பு நாளில் மின்னஞ்சல் பார்க்கக் கூடாது என்ற ஆணையும் தேவை, இல்லையென்றால் அது விடுப்பு அல்ல, ஊதியமில்லாத வேலை நாள்.

கருத்துக் கணிப்பும் சேமிப்பு யோசனையும்

பணியாளர்களிடம் நடத்தும் கருத்துக் கணிப்பில் 10 கேள்விக்கு மேல் வேண்டாம். 10 பேருக்குக் குறைவாகப் பதில் தந்த பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எழுதித் தந்த கருத்துகளை அப்படியே ஒட்டாமல், பொருள்வாரியாகத் தொகுத்து எழுதுங்கள். எழுத்து நடையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

சேமிப்பு யோசனைப் பெட்டி வைப்பது எளிது. அதை நடத்துவதுதான் கடினம். நூற்றுக்கணக்கில் வந்து குவியும், பதில் போகாது, கேட்டதே கேட்காததைவிடக் கெட்ட பெயராகும். ஆகவே தொடங்கும் முன்பே மூன்று பேரை ஒதுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் 15 வேலை நாளில் ஒரு வரிப் பதில் போகட்டும்: எடுத்தோம், இந்தக் காரணத்தால் எடுக்கவில்லை, இன்னாருக்கு அனுப்பினோம். இன்னொருவரின் பணியிடத்தை ஒழிக்கச் சொல்லும் யோசனையை மன்றம் ஏற்காது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். இந்த ஒரு வரி விட்டுப்போனால் பெட்டி பழிவாங்கும் இடமாகிவிடும். ஒரே மென்பொருளுக்குப் பல துறைகள் தனித்தனியே உரிமம் வாங்குவது, யாரும் எடுக்காத அச்சுப் பிரதிகள், இரவிலும் ஓடும் குளிரூட்டி என்று பயனுள்ளவை கீழ்நிலைப் பணியாளரிடமிருந்தே அதிகம் வரும். கணினி முன் உட்காராத துப்புரவு, தோட்டம், காவல் பணியாளர்களுக்கு அச்சிட்ட தாளும், பணிமுறை மாறும் நேரத்தில் நேரில் கேட்க ஒரு பிரதிநிதியும் வேண்டும்.

ஊதிய உயர்வு இல்லாத ஆண்டில் பணம் அதிகம் தேவைப்படாத கோரிக்கைகளைத் தனித் தாளில் வையுங்கள்: நெகிழ்வான பணிநேரம், வேலைக்குத் தக்கபடி வீட்டிலிருந்து பணி, கல்விக் கட்டணச் சலுகையில் படிக்க வேலை நேரத்தில் வாரம் 3 மணி, கூடுதல் பொறுப்பு வகித்த காலத்தைப் பணிப்பதிவேட்டில் குறிப்பது. கடைசியானது பின்னாளில் பதவி உயர்வுக்கு உதவும். அந்தந்த மாதமே எழுதாவிட்டால் பிறகு நிரூபிக்க முடியாது.

ரகசியமும் வதந்தியும்

நிர்வாகம் தலைவரை அழைத்து, அறிவிக்காத ஒன்றை முன்கூட்டிச் சொல்லும். கேட்பதற்கு முன்பே, எந்த நாள் வரை ரகசியம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாள் குறிக்காத ரகசியத்தை வாங்காதீர்கள். நாளைக்குச் சக பணியாளர் முகத்தைப் பார்த்து "தெரியாது" என்று பொய் சொல்ல வேண்டிவரும். "இதைப் பற்றி இப்போது பேச முடியாது, 12ஆம் தேதி சொல்கிறோம்" என்று சொல்லலாம், அது பொய்யல்ல.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், அரைப்பக்கச் செய்தி போகட்டும். புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் போகட்டும். உறுதியானது, இன்னும் முடிவாகாதது, கேட்டும் பதில் வராதது என்று மூன்று தலைப்பு போதும். மூன்றாவது தலைப்பின் கீழ் கேட்ட நாளையும் எழுதுங்கள், பதில் சீக்கிரம் வரும்.

மன்றமே மெலிந்தால்

ஆள் குறையும்போது பிரதிநிதிகளும் குறைவார்கள். விதிமுறையில் குறைந்தபட்ச வருகை "மொத்த இடங்களில் பாதி" என்று இருந்தால், 30 இடங்களில் 9 காலியான பிறகும் 15 பேர் வர வேண்டும். "நிரப்பப்பட்ட இடங்களில் பாதி" என்று திருத்தினால் 11 பேர் போதும். இந்தத் திருத்தத்தைப் போதிய வருகை இருக்கும்போதே நிறைவேற்றிவிடுங்கள், பிறகு திருத்தக் கூட்டமே கூடாது. மன்ற வேலைக்கு மாதம் 4 மணி நேரம் பணிவிலக்கு என்று மேலதிகாரிக்கு நிர்வாகம் கடிதம் தர வேண்டும். வாய்மொழி அனுமதி முதல் காலியிடத்தோடு மறைந்துவிடும்.

பொறுப்பு மாறும் மாதத்தில் புதியவர்களிடம் காலியிடப் பதிவேடு, பதில் வராத கேள்விகளின் பட்டியல், நிதி நாள்காட்டி மூன்றையும் மன்றத்தின் பொதுக் கணக்கில் ஏற்றிக் கொடுங்கள். தனிநபரின் மின்னஞ்சலில் இருந்தால், அவர் பணியைவிட்டுப் போகும் நாளில் கணக்கோடு சேர்ந்து அவையும் மூடப்பட்டுவிடும்.