அரை டன் பிக்கப்பில் கம்மின்ஸ் 4பிடி: பெட்ரோல் வண்டியை டீசலுக்கு மாற்றும் முறை

அரை டன் சுமை வகுப்பைச் சேர்ந்த பெட்ரோல் பிக்கப்பில் டீசல் இன்ஜின் ஏற்ற விரும்புவோரில் பலர் முதலில் இன்ஜினை வாங்கிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இன்ஜினைத் தூக்கி சேஸிஸில் வைப்பது ஒரு வார இறுதியில் முடியக்கூடிய காரியம்தான். ஆனால் மெதுவாகச் சுழலும், கனமான, கீழ்ச் சுழற்சியிலேயே முழு இழுவையைத் தரும் ஓர் இன்ஜினுக்கு ஏற்ப ஆக்சில், கியர்பாக்ஸ், பிரேக், எரிபொருள் வழி ஆகிய அனைத்தையும் மாற்றியமைப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. அதனால் கணக்கு முதலில், இன்ஜின் பிறகு என்ற வரிசையிலேயே இந்தக் கட்டுரை செல்கிறது. 1973இல் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த, கார்புரேட்டர் பொருத்திய செவ்ரோலெட் சி-10 வண்டியில் 350 கன அங்குல வி8 பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டுக் கம்மின்ஸ் 4பிடி பொருத்துவதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

4பிடி என்பது 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர், நேரடி உட்செலுத்தல் கொண்ட டர்போ டீசல். அமெரிக்காவில் ரொட்டியும் தின்பண்டங்களும் விநியோகிக்கும் பெட்டி வேன்களில் பெருமளவில் ஓடிய இன்ஜின் இது. 1989 முதல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் 6பிடியின் அதே 102 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இதற்கும் உண்டு; ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து நம் ஊர் டாடா லாரிகளில் ஓடிய இன்ஜினும் அதே பி வரிசைதான். வேனில் இருந்த அமைப்பில் இது சுமார் 105 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 1,600 சுழற்சியில் 265 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். ஆறு சிலிண்டர் 6பிடியை அரை டன் வண்டியில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அது சுமார் 500 கிலோ எடையுள்ளது, சி-10இன் முன்பக்கம் அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று.

முதன்முறையாக இத்தகைய வேலையில் இறங்குபவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 1982 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப்புகளில் கொடுத்த 6.2 லிட்டர் வி8 டீசல், செவ்ரோலெட் பெட்ரோல் வி8 ஏற்கும் அதே கியர்பாக்ஸுடன் அடாப்டர் இல்லாமலே பொருந்தும். தேவையான மவுண்ட், குழாய், பிராக்கெட் எல்லாவற்றையும் அதே வகைப் பழைய வண்டியிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். இழுவையும் நீண்ட ஆயுளும் வேண்டுமென்றால் மட்டுமே 4பிடியின் கூடுதல் உழைப்புக்குப் பொருள் உண்டு. எரிபொருள் செலவு குறையும் என்பதை மட்டும் நம்பி இதில் இறங்குபவருக்குப் போட்ட பணம் திரும்பி வருவது கடினம்.

வேலையைத் தொடங்கும் முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாட்டின்படி, இன்ஜின் மாற்றப்பட்ட இலகு ரக வண்டி, அதே மாடல் ஆண்டிலோ அதற்குப் பிந்தைய ஆண்டிலோ சான்று பெற்ற ஓர் அமைப்புடன் முழுமையாக ஒத்திருக்க வேண்டும். வேனுக்கும் தொழிற்சாலைக்கும் தயாரிக்கப்பட்ட இன்ஜின் இந்த நிபந்தனையை நிறைவுசெய்வது எளிதன்று. மாநிலங்களுக்கிடையே நடைமுறையும் பெரிதும் வேறுபடுகிறது. கலிஃபோர்னியா மிகக் கண்டிப்பானது. உங்கள் மாநிலத்தின் வாகனப் பதிவுத் துறையிடம் எரிபொருள் வகை மாற்றத்தைப் பற்றி எழுத்தில் பதில் பெற்ற பிறகே பணத்தை எடுங்கள்.

இனி எடை. இரும்பு ஹெட் கொண்ட 350 வி8 ஏறக்குறைய 260 கிலோ. 4பிடி ஏறக்குறைய 350 கிலோ. அடாப்டர், இரண்டாவது பேட்டரி, இன்டர்கூலர் ஆகியவற்றையும் சேர்த்தால் முன்பக்கத்தில் 100 கிலோவுக்கு மேல் கூடும். ஆகவே அதே வண்டியின் கனரக வகைகளுக்கு வந்த முன் காயில் ஸ்பிரிங்குகளையும் புதிய ஷாக் அப்சார்பர்களையும் போட்டு, பால் ஜாயின்ட்டுகளையும் புதுப்பிப்பது அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கியர் விகிதம். பெட்ரோல் வி8 4,000 சுழற்சிக்கு மேலும் தயங்காமல் ஏறும். 4பிடியின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் கவர்னரோ 2,500 அளவிலேயே தடுத்துவிடும். 31 அங்குல டயர் போட்ட வண்டி மணிக்கு 65 மைல், அதாவது 105 கி.மீ. வேகத்தில் செல்லும்போது சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 705 முறை சுழல்கிறது. பின் ஆக்சில் விகிதம் 4.10 ஆகவும் (சக்கரம் ஒருமுறை சுழல டிரைவ் ஷாஃப்ட் 4.10 முறை சுழலும்) மேல் கியர் 1:1 என்ற நேர் விகிதமாகவும் இருந்தால் இன்ஜின் 2,890 சுழற்சிக்குப் போக வேண்டும். அதாவது வண்டி 56 மைல் வேகத்துக்கு மேல் போகாது. மூன்று கியர் டிஎச்400 ஆட்டோமேட்டிக்கை வைத்துக்கொள்பவர் 3.08 ஆக்சில் போட்டால் அதே வேகத்தில் 2,170 சுழற்சி வரும். அது நல்ல இடம். 0.73 ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் என்வி4500 மேனுவலை வாங்கினால் 3.73 ஆக்சிலில் 1,920, 4.10இல் 2,110 வரும். இரண்டில் 3.73தான் என் தேர்வு. ஆனால் அந்தக் கியர்பாக்ஸின் 5.61 முதல் கியர், இன்ஜினின் 360 நியூட்டன் மீட்டரை 2,000க்கு மேல் பெருக்கி அரை டன் ஆக்சிலுக்கு அனுப்பும் என்பதால், சுமையில்லாதபோது இரண்டாவது கியரிலேயே வண்டியைக் கிளப்பப் பழக வேண்டும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால், கியர் மாறும் வேகத்தைத் தீர்மானிக்கும், பெட்ரோல் இன்ஜினுக்கு அமைத்த கியர்பாக்ஸ் கவர்னர் கியர் மாற்றும் முன்பே டீசல் தன் எல்லையைத் தொட்டுவிடும்; ஆகவே அந்தக் கவர்னரையும், இன்ஜினைக் கியர்பாக்ஸுடன் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரையும் குறைந்த சுழற்சிக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

இன்ஜினைத் தனியாக வாங்காமல் வேனையே முழுதாக வாங்குவது நல்லது. செவ்ரோலெட் வேனில் இருந்த 4பிடிக்குச் செவ்ரோலெட் கியர்பாக்ஸ் ஏற்கும் அடாப்டர் தட்டு, ஃப்ளைவீல் அல்லது ஃப்ளெக்ஸ் தட்டு, ஸ்டார்ட்டர் ஆகியவை ஏற்கெனவே பொருந்தியிருக்கும். ஃபோர்டு வேனில் இருந்ததற்கும், ஜெனரேட்டரில் இருந்ததற்கும் இவை வேறு. கியர் கேஸின் பக்கவாட்டில் உள்ள கம்மின்ஸ் தகட்டில் சிபிஎல் எண்ணை (அந்த இன்ஜினின் பாகப் பட்டியல் எண்) குறித்துக்கொண்டால், எந்த பம்ப், எந்த பிஸ்டன் உள்ளது என்பதை டீலரிடம் உறுதிசெய்யலாம்.

இன்ஜின் வெளியே இருக்கும்போது செய்தே தீர வேண்டிய வேலை ஒன்று உண்டு. பி வரிசையின் முன்பக்க கியர் கேஸைப் பிளாக்கில் நேராக நிறுத்த ஒரு சிறு எஃகு டோவல் பின் அடிக்கப்பட்டிருக்கும். அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாததால், ஆண்டுக்கணக்கான அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து, கடைசியில் கியர்களுக்கிடையே விழுந்து கேஸை உடைக்கும். முன் மூடியைக் கழற்றிப் பார்த்தால், பின்னின் முனை துளையின் மட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். நீட்டியிருந்தால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்பி, பக்கத்து போல்ட்டின் கீழ் ஒரு சிறு எஃகுப் பட்டையை வைத்து, அதன் மறுமுனை துளையின் வாயை மறைக்கும்படி லாக்டைட் (போல்ட் கழலாமல் தடுக்கும் பசை) போட்டு முறுக்கிவிட்டால் அந்த ஆபத்து நிரந்தரமாக நீங்கிவிடும். அப்போதே வால்வு இடைவெளியையும் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ. என்று சரிசெய்துகொள்ளுங்கள்.

பழைய இன்ஜினைக் கழற்றுவதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதியதை முதலில் ஆல்டர்னேட்டர், டர்போ எதுவும் இல்லாமல் இறக்கி, ஆயில் சம்ப் கிராஸ் மெம்பரில் இடிக்கிறதா, பானெட் மூடுகிறதா என்று பாருங்கள். பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத பெரிய நான்கு சிலிண்டர் என்பதால் இது ஐடிலில் நன்றாக ஆடும். சுற்றிலும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும். மவுண்ட்டுகளைக் கனத்த தகட்டில் செய்து ரப்பர் புஷ்ஷுடன் பொருத்த வேண்டும். பாலியூரித்தேன் போட்டால் டாஷ்போர்டு ஸ்க்ரூக்கள் வரை கழன்றுவிடும். கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பின் ஆக்சில் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக அமைந்து, ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணமும் மூன்று பாகைக்குள் இருப்பதை உறுதிசெய்த பிறகே மவுண்ட்டை முழுதாக வெல்ட் செய்யுங்கள். மேனுவல் கியர்பாக்ஸானால், டயல் கேஜை ஃப்ளைவீலில் நிறுத்தி பெல் ஹவுசிங்கின் நடுத்துளையை அளக்கும்போது மையவிலகல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

டீசல் இன்ஜினின் இன்டேக்கில் வேக்குவம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம், கிடையாது. பெட்ரோல் வண்டியின் பிரேக் பூஸ்டர் அதை நம்பியே இயங்குவதால், இதை மறந்தவரின் பிரேக் பெடல் முதல் திருப்பத்திலேயே கல்லாகிவிடும். கியர் கேஸில் பொருத்தும் வேக்குவம் பம்ப் ஒரு வழி. பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் இன்னொரு வழி. எடை கூடிய வண்டிக்கு இரண்டாவதே மேல். ஆனால் இன்ஜின் சுமைக்கு ஏற்ப கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் டிஎச்400இன் மாடுலேட்டருக்கும் வேக்குவம் வேண்டும் என்பதால், அந்தக் கியர்பாக்ஸ் இருந்தால் பம்ப்பைத் தவிர்க்க முடியாது.

பெட்ரோல் டாங்கியைக் கழற்றி முழுமையாகச் சுத்தம் செய்து, இன்ஜெக்டர்களிலிருந்து மீளும் டீசலுக்குத் தனி ரிட்டர்ன் குழாய் போட வேண்டும். டாங்கிக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் இன்ஜினின் லிஃப்ட் பம்ப்புக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். ஈயமற்ற பெட்ரோலுக்கான குறுகிய வாயில் டீசல் பங்க் நாசில் நுழையாது. அந்தத் தடுப்பை வெட்டி எடுத்து, மூடியில் டீசல் என்று பெரிதாக எழுதிவையுங்கள்.

வயரிங் எளிது. 1975 முதலான வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வந்த இளஞ்சிவப்பு வயரில் சாவியை ஸ்டார்ட்டிலும் ரன்னிலும் வைக்கும்போது முழு 12 வோல்ட் இருக்கும். இன்ஜெக்டர்களுக்கு டீசலை அனுப்பும் விஇ பம்ப்பில், எரிபொருளை நிறுத்தும் ஷட்-ஆஃப் சோலினாய்டுக்கு அதுவே போதும். இக்னிஷன் காயில் இல்லாததால் டாக்கோமீட்டருக்குச் சைகை ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்க வேண்டும். டர்போவுக்கு முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், புகையின் வெப்பத்தை அளக்கும் ஒரு பைரோமீட்டர் பொருத்துங்கள். சுமை ஏற்றிய ஏற்றத்தில் அது 675 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்த வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் சிறிது எண்ணெய் ஊற்றி, ஷட்-ஆஃப் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் மீட்டரில் தெரியும் வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு வயரை மாட்டி, லிஃப்ட் பம்ப்பின் கைப் பிரைமரை அடித்து, ஃபில்டர் தலையில் குமிழி நிற்கும் வரை ஏர் எடுங்கள். அடுத்து இன்ஜெக்டர் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி இன்ஜினைச் சுற்றினால் டீசல் கசியத் தொடங்கும். அந்தப் பீய்ச்சலில் கை படக்கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கினால் சாவியால் நிறுத்த முடியாமல் போகலாம் என்பதால், இன்டேக் வாயை முழுதாக அடைக்கும் கனத்த பலகை ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்து அருகில் நிறுத்துங்கள்.

ஓட்டிப் பார்த்த முதல் 500 கி.மீ.க்குப் பிறகு மவுண்ட் வெல்டுகளில் வெடிப்பு உள்ளதா என்று பார்த்து, அடாப்டர் போல்ட்டுகளை மீண்டும் முறுக்குங்கள். பிறகு எடைமேடையில் முன் ஆக்சிலைத் தனியாக நிறுத்தி, கதவுத் தகட்டில் உள்ள முன் ஆக்சில் வரம்போடு ஒப்பிட்டு, வீல் அலைன்மென்ட்டை அந்த எடையோடு செய்துகொள்ளுங்கள்.