ஆய்வக விபத்துகளை அறிவிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2006 பிப்ரவரியில், புருசெல்லா கிருமியை நுண்துளிகளாக எலிகள்மேல் செலுத்தும் கருவியைச் சுத்தம் செய்த ஊழியர் ஒருவருக்கு அந்தக் கிருமியே தொற்றியது. அறிவித்தே தீர வேண்டும் என்று விதி இருந்தும், வெளி அமைப்பு ஒன்று ஆவணங்களைக் கேட்டுத் துருவிய பிறகே, 2007 ஏப்ரலில், செய்தி அரசுக்குப் போனது. 2008இல் பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

நோய் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. புருசெல்லா தொற்றின் அறிகுறிகள் தெரிய வழக்கமாக 2 முதல் 4 வாரங்களும், சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும். தெரியும்போதும் காய்ச்சலும் அசதியுமாகவே இருப்பதால், நோயாளியின் வேலை என்னவென்று அறியாத மருத்துவர் அதைச் சாதாரண ஃப்ளூ என்று எண்ணிவிடக்கூடும். கிருமி பட்டதை அன்றே சொன்னால் 21 நாள் தடுப்பு மருந்து கொடுக்க வழியுண்டு. எச்.ஐ.வி. கலந்த ஊசி குத்தினால் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கியாக வேண்டும். எனவே, பட்டிருக்கலாம் என்ற ஐயமே அறிவிக்கப் போதுமான காரணம்.

அடுத்த தவறு படிவத்திலேயே நிகழ்கிறது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஊசியின் மூடியை மறுபடி மாட்டும்போது விரலில் குத்தியது என்றால், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா, அது நிரம்பி வழிந்ததா, அவர் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார், எந்தக் கிருமி, எவ்வளவு, கையுறை ஒன்றா இரண்டா என்பவை எழுதப்பட வேண்டும். குத்தாமல் தப்பிய நிகழ்வையும் இதே விரிவோடு பதிய வேண்டும்; பெட்டியின் இடத்தை மாற்ற அதுவே போதும்.

தைவானில் 2003 டிசம்பரில், ஆய்வகத்தில் கசிந்த கழிவைச் சுத்தம் செய்து சார்ஸ் தொற்றிய ஆய்வாளர், அவமானத்துக்கு அஞ்சி, காய்ச்சலோடு சில நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். ‘யார் செய்தது’ என்று முதலில் கேட்கும் இடத்தில் இப்படித்தான் நடக்கும். அமெரிக்க விமானத் துறை 1976இலேயே இதற்கொரு வழி கண்டது: அங்கே அறிக்கைகளை நாசா பெற்று, பெயரை நீக்கி ஆராய்கிறது, வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை 10 நாளுக்குள் அறிவித்தவருக்கு, சில நிபந்தனைகளோடு, தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. ஆய்வகங்கள் இதைப் பின்பற்றத் தயங்குவது வியப்பளிக்கிறது.

அறிவித்த பிறகும் செய்தி நடுவழியில் நின்றுவிடலாம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் இன்ஃப்ளூயன்சா ஆய்வகம் அனுப்பிய மாதிரியில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் கலந்திருந்தது 2014 மே மாதமே அந்த ஆய்வகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. மையத்தின் தலைமைக்கு அது எட்டியதோ ஆறு வாரம் கழித்து, ஜூலையில். பிரிவுத் தலைவர் கையெழுத்திட்ட பின்பே படிவம் நகரும் என்ற ஏற்பாட்டை விட்டு, அவருக்கும், கிருமிகளால் ஆபத்து நேராமல் கவனிக்கும் உயிர்ப் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரே நேரத்தில் அது போய்ச்சேரும்படி செய்ய வேண்டும்.